ஒன்று முதல் பத்து வரை

தை மாதம் பிறந்துவிட்டால் செட்டிநாட்டுக் கிராமங்களில் பேச்செல்லாம் பழனியைப் பற்றியதாகவே இருக்கும். காவடி கட்டுவோர், விரதம் இருப்போர், அன்னதானத்துக்கு அரிசி அளப்போர் என்று வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியுடன் நடந்து, தைப்பூசத்துக்குத் தண்டாயுதபாணியைத் தரிசிப்பது நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வழக்கம். வலையபட்டியைச் சேர்ந்த அடியேனும் அந்தக் கூட்டத்தில் 27 ஆண்டுகள் நடந்தவன்.

ஒவ்வோர் ஆண்டும் நடந்து திரும்பியதும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். முதல் பத்தியில் ஆண்டு. இரண்டாம் பத்தியில் வேண்டுதல். மூன்றாம் பத்தியில் அது நிறைவேறிய விவரம். ஐந்தொகை எழுதாமல் ஆண்டை முடிக்காத குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பக்தியிலும் கணக்கு வந்துவிடுகின்றது. இருபத்தேழாம் ஆண்டுக்கு நேரே என் ஆச்சியின் உடல்நலம் என்று எழுதியிருக்கின்றேன். மூன்றாம் பத்தி வெறுமையாக உள்ளது. அந்தச் சித்திரையிலேயே ஆச்சி சிவபதவி அடைந்துவிட்டார்கள்.

அதன்பின் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. நடை நின்றது. கோயிலுக்குச் செல்வேன், திருநீறு அணிவேன், ஆனால் சந்நிதியில் நிற்கும்போது அந்த வெறும் பத்தியே கண்ணில் நிற்கும். இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. எழுபது வயதைக் கடந்த பிறகு இறைவனிடம் மனத்தாங்கல் கொள்வதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஒரு விடுமுறையில் வந்தபோது, “நடக்க முடியாவிட்டால் உட்காரலாமே ஐயா” என்றான். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் உள்ள போதி ஜெண்டோ என்னும் தியான இல்லத்தில் சில நாள் தங்கி, ஜென் தியானம் பழகிவிட்டு வந்திருந்தான். பழனியிலிருந்து மலையேறும் பாதை கொடைக்கானல் சாலையைச் சேரும் இடமே பெருமாள்மலை. பழனி மலைத்தொடர் என்று பூகோளப் புத்தகத்தில் படித்தோமே, அதற்குள்தான் அந்த இல்லமும் இருக்கின்றது. இத்தனை ஆண்டுகள் முருகனின் மலையடிவாரம் வரை நடந்த எனக்கு, அந்த மலைகளின் மேலே இப்படி ஓர் இல்லம் 1996-ஆம் ஆண்டு முதல் இருப்பது தெரியாது.

அதைத் தொடங்கியவர் ஏ.எம்.ஏ. சாமி என்னும் இயேசு சபைப் பாதிரியார். கேட்டவுடன் எனக்குத் தயக்கம் உண்டானதை மறைக்கவில்லை. பாதிரியார் ஒருவர், ஜப்பானிய புத்த சமயத்தார் முறையில், நம் ஊர்ப் பிள்ளைக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கின்றாரா? பேரனைச் சந்தேகமாகவே பார்த்தேன். அவன் நெற்றியில் திருநீறு இருந்தது.

பிறகு அவரைப் பற்றி விசாரித்து அறிந்தவற்றில் சில செய்திகள் என்னைத் தொட்டன. அவர் 1936-இல் பர்மாவில் பிறந்த தமிழர். பர்மா என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. இளமையில் திருவண்ணாமலை ரமணாச்ரமம் அவரை ஈர்த்திருக்கின்றது. பின்னர் ஜப்பான் சென்று, காமகுரா நகரில் யமாதா கோவுன் என்னும் ஆசானிடம் பயின்று, பிறருக்குக் கற்பிக்கும் அனுமதி பெற்றிருக்கின்றார். அந்த யமாதா கோவுன் துறவி அல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். பகலில் ஒரு மருத்துவ நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டே சீடர்களுக்கு வழிகாட்டியவர். தியானம் என்பது காட்டுக்குப் போனவர்களின் சொத்து என்று நினைத்திருந்த எனக்கு இது புதிய செய்தி.

ஜென் என்ற சொல்லும் நமக்கு அந்நியமானதன்று. வடமொழியில் தியானம், பாலியில் அது ஜானம், சீனத்தில் சான், ஜப்பானில் ஜென். வாய்க்கு வாய் மாறி, கடல் கடந்து, உருத் தெரியாமல் திரும்பி வந்திருக்கின்றது. அதைச் சீனத்துக்குக் கொண்டு சென்றவராக அந்த மரபு வணங்குவது போதிதர்மரை. தென்னாட்டு மன்னர் ஒருவரின் மூன்றாம் புதல்வர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. மற்றொன்று அவரைப் பாரசீகர் என்கின்றது. காஞ்சியில் பிறந்த பல்லவ இளவரசர் என்பது பிற்கால மரபு. வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் காஞ்சிப் பக்கமே சாய்கின்றேன். தமிழன் வேறு எப்படிச் சாய்வான்?

போதிதர்மரைப் பற்றிப் பேரன் சொன்ன ஒரு கதை என் உறக்கத்தைக் கெடுத்தது.

சீனத்தின் தென்பகுதியை 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் மன்னர் வூ பெரிய பக்திமான். கோயில்கள் கட்டினார், நூல்களைப் படியெடுக்கச் செய்தார், துறவிகளைப் போற்றினார். போதிதர்மர் அவரது அவைக்கு வந்தபோது, தாம் செய்த திருப்பணிகளையெல்லாம் எடுத்துச் சொல்லி, இவற்றால் தமக்கு எவ்வளவு புண்ணியம் என்று மன்னர் கேட்டாராம். ஒன்றும் இல்லை என்று விடை வந்ததாம். இவ்வுரையாடல் பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பார்கள். ஆனாலும் ஜென் மரபில் இதை அறியாதவர் இல்லை.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் கதையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்களை உயிராகக் கருதும் சமூகம் எங்களுடையது. ஊர் ஊராகத் திருப்பணி செய்தவர்கள் எங்கள் முன்னோர். காசியில் விசுவநாதருக்கு நாள்தோறும் பூஜைப் பொருள்களைச் ‘சம்போ’ என்று முழங்கி எடுத்துச் செல்லும் கைங்கரியம் இன்றும் நடக்கின்றது. இத்தனைக்கும் ஒன்றும் இல்லையா? கோபம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து வேறு விதமாகத் தோன்றியது. மன்னர் கட்டிய கோயிலைப் போதிதர்மர் பழிக்கவில்லை. இடிக்கவும் சொல்லவில்லை. ‘எனக்கு எவ்வளவு’ என்ற கேள்விக்கே அந்த விடை. பலனில் கண் வைக்காமல் செயலைச் செய் என்று கண்ணன் பார்த்தனுக்குச் சொன்னதற்கு இது வெகு தொலைவில் இல்லை. காசிக்குப் பூ அனுப்பிய முன்னோர், மூன்றாம் பத்தி ஒன்று போட்டு எழுதியிருப்பார்களா என்று யோசித்தேன். நோட்டை வைத்திருந்தவன் நான்தான். வூ மன்னரின் கேள்வி என்னுடைய கேள்வி.

அந்த அவையை விட்டு வெளியேறிய போதிதர்மர், ஆற்றைக் கடந்து வடக்கே சென்று, ஷாவொலின் கோயிலுக்கு அருகே ஒரு குகையில் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது மரபு. அமர்ந்து அமர்ந்து கால்களே மரத்து ஒடுங்கிவிட்டனவாம். ஜப்பானில் அவர் பெயரால் ‘தருமா’ என்று காலில்லாத பொம்மை செய்கின்றார்கள். தள்ளிவிட்டால் சாய்ந்து, தானே நிமிர்ந்துகொள்ளும். நம் தஞ்சாவூர்ப் பொம்மையேதான்.

இனி, அமர்ந்த கதை.

பேரன் கற்றுக் கொடுத்தது மிக எளிது. தரையில் தடித்த மெத்தை விரிப்பு. அதன்மேல் சிறிய உருண்டைத் தலையணை. அதில் அமர்ந்து முழங்கால்கள் இரண்டும் தரையில் படுமாறு காலை மடக்க வேண்டும். பத்மாசனமோ அரைப் பத்மாசனமோ இயலாதவர்கள், ஒரு காலை மற்றதன்மேல் ஏற்றாமல், இரு பாதங்களையும் தரையிலேயே முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம். இதற்குப் ‘பர்மிய அமர்வு’ என்றே பெயர். எனக்கு அதுவும் கூடவில்லை. பத்தே நிமிடத்தில் முழங்கால் கெஞ்சியது. நாற்காலி போதும் என்றான் பேரன். முதுகைச் சாய்க்காமல் நாற்காலியின் முன்பாதியில் அமர்ந்து, பாதங்கள் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்ள வேண்டும். கால் எட்டாவிட்டால் ஒரு பலகை. இதில் குறைவு ஒன்றும் இல்லை.

முதுகெலும்பு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைப்பு கூடாது. வலக்கை கீழே, அதன்மேல் இடக்கை, உள்ளங்கைகள் மேல்நோக்கி. கட்டைவிரல் நுனிகள் இலேசாகத் தொட்டிருக்க வேண்டும். கண்களை மூடக் கூடாது. பாதி திறந்து, மூன்றடி தூரத்தில் தரையைப் பார்த்தவாறு விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தியானம்?” என்று சிரித்தார். கண்ணை மூடினால் வயதானவர்களுக்கு முதலில் வருவது தூக்கம். அண்ணனும் ஒரு நாள் மூடிக்கொண்டு அமர்ந்து பார்த்துவிட்டு, அதை ஒப்புக்கொண்டார்.

பிறகு மூச்சு. அதை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். நம் யோக நூல்களில் பிராணாயாமத்துக்கு மாத்திரைக் கணக்கு உண்டு; திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அதை விரித்துரைக்கின்றது. அது குருவின் அருகிருந்து பழக வேண்டியது. இங்கு மூச்சு தன் போக்கில் போகின்றது. வெளியேறும் மூச்சுக்கு மனத்துள் ‘ஒன்று’. அடுத்ததற்கு ‘இரண்டு’. பத்து வரை சென்று மீண்டும் ஒன்று. நடுவில் எண்ணம் வேறு பக்கம் போய்விட்டால், தெரிந்த கணத்திலேயே ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். தன்னை நொந்துகொள்ளக் கூடாது. தொடக்கத்தில் இருப்பவனுக்கு இவ்வளவே பாடம்.

இடமாக எங்கள் வீட்டுப் பட்டாலையைத் தேர்ந்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை; காலுக்குக் குளிர்ச்சி. போதிதர்மர் வழியில் சுவரை நோக்கி அமரலாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அங்கே ஒரு சங்கடம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். நூறாண்டு ஆனாலும் பளிங்குபோல் மின்னும். அதில் என் முகமே மங்கலாகத் தெரிந்தது. முகத்தைப் பார்த்தால் வயது நினைவுக்கு வந்தது. வயதிலிருந்து வேறு எங்கெங்கோ போனேன். மறுநாள் நாற்காலியைத் தூணுக்கு நேராகப் போட்டுக்கொண்டேன்.

நேரத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். பழைய ஜென் மடங்களில் ஓர் ஊதுவத்தி எரிந்து முடியும் நேரமே ஓர் அமர்வு. இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காலையில் விளக்கேற்றி, திருநீறு அணிந்து, ஒரு வத்தி கொளுத்தி வைத்துவிட்டு அமர்வேன். முதல் வாரத்தில் வத்தியைப் பாதியாக முறித்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை பரம்பரையில் வந்தவனுக்குப் பத்து வரை எண்ணுவது பெரிதா என்ற இறுமாப்போடு தொடங்கினேன். முதல் நாள் நான்கைத் தாண்டவில்லை. கொல்லைக் கதவைப் பூட்டினேனா, சென்ற மாத மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று மனம் வீட்டைச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் திடுக்கிட்டுப் பார்த்தால் பதினேழு எண்ணிக்கொண்டிருக்கின்றேன். பத்தில் நிறுத்தத் தெரியவில்லை. வாய் தன்பாட்டில் வரவு வைத்துக்கொண்டே போகின்றது. அதைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கின்றேன். ஆறாவது மூச்சில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆச்சியின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அடக்க முடியவில்லை. வத்தி எரிந்து முடிந்த பிறகும் அழுதுகொண்டிருந்தேன். அன்றிரவு பேரனைத் தொலைபேசியில் அழைத்து, இது எனக்குச் சரிப்படாது, மனம் அடங்குவதற்குப் பதில் கலங்குகின்றது என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அழுகை வந்தால் வரட்டும் ஐயா. அழுது முடிந்ததும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்” என்றான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஆச்சி போன பிறகு அழுததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சடங்குகளைக் குறைவின்றிச் செய்தேன். செலவுக் கணக்கைப் பைசா பிசகாமல் முடித்தேன். அழ மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. இறைவனிடம் எனக்கு இருந்த மனத்தாங்கலும் அந்த அழாத அழுகைதானோ என்று இப்போது நினைக்கின்றேன்.

கருவறைக்குத் தெற்கே கோட்டத்தில் கல்லால மரத்தடியில் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தியை நாம் வியாழக்கிழமைதோறும் வலம் வருகின்றோம். சனகாதி முனிவர் நால்வருக்கும் அப்பெருமான் உபதேசித்தது மௌனத்தால். ஜென் மரபின் தொடக்கக் கதையும் இதன் உடன்பிறப்புப் போன்றது. ஒரு நாள் புத்தர் உபதேசம் செய்ய அமர்ந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு மலரை உயர்த்திக் காட்டினாராம். கூட்டத்தில் மகாகாசியபர் ஒருவர் மட்டும் புன்னகை செய்தார்; உபதேசம் அவரிடம் சேர்ந்தது. அருணகிரிநாதருக்குக் கந்தன் கட்டளையிட்டதும் சும்மா இருக்கச் சொல்லித்தானே. திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் முன்னால் கேள்வியோடு போய், கேட்காமலே தெளிவோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். தட்சிணாமூர்த்தி சந்நிதியில் கொண்டைக்கடலை மாலை சாத்தும் நாம், அங்கே பேசாமல் ஐந்து நிமிடம் நிற்பதில்லை. நானும் நின்றவன் அல்லன்.

இதனால் எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. ஜென் வழியில் ஈசுவரன் இல்லை, வேண்டுதல் இல்லை, அமர்வில் ஏதேனும் காட்சியோ ஒளியோ தோன்றினாலும் அதைப் பொருட்படுத்தாமல் மூச்சுக்கே திரும்பச் சொல்கின்றார்கள். முருகன் மயில்மீது வந்து நின்றால் அவனைக் கவனிக்காமல் ‘நான்கு, ஐந்து’ என்று எண்ணும் திடம் எனக்கு வராது. அப்படி ஒரு சோதனை இதுவரை நேரவில்லை! எனக்கு அது தியானத்துக்கு ஒரு முறை; தெய்வம் என் பழனியாண்டவன்தான். அவர்களிடமும் மணி உண்டு, தூபம் உண்டு, தரையில் வீழ்ந்து வணங்குதல் உண்டு. ஒரு கோயிலுக்குள் போய் வந்தவன்போல்தான் பேரன் பேசினான்.

அமர்வுகளுக்கு இடையே நடைத் தியானம் ஒன்றும் உண்டு. ‘கின்ஹின்’ என்பார்கள். சுமார் 25 நிமிடம் அமர்ந்த பிறகு சில நிமிடம் வரிசையாக, கைகளை மார்பருகே சேர்த்து, அடி மேல் அடி வைத்து மெல்ல நடப்பது. இதைக் கேட்டதும் என் கால்களுக்கு உயிர் வந்தது. வளவைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். பழனிப் பாதையில் மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒன்று நிகழும், நடந்தவர்களுக்குத் தெரியும். வேண்டுதல் மறந்துவிடும், வீடு மறந்துவிடும், முன்னால் செல்பவரின் குதிகாலும் ‘அரோகரா’வும் மட்டுமே இருக்கும். அந்த நிலையை என் நோட்டில் ஒருமுறைகூட எழுதவில்லை. அதற்குப் பத்தி இல்லை.

தொடங்க விரும்பும் மூத்த அன்பர்களுக்குச் சில சொற்கள். சாப்பிட்டவுடன் அமர வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தை நம்ப வேண்டாம். அமர்வு முடிந்ததும் சட்டென்று எழாமல், கால்களைத் தடவிவிட்டு, எதையேனும் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். முதல் மாதம் பத்து நிமிடமே தாராளம். துக்கம் மிகுந்திருப்பவர்களும் மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்களும் தனியே தொடங்காமல், தெரிந்த ஒருவர் துணையோடும் மருத்துவரின் சம்மதத்தோடும் தொடங்குவது நல்லது. எனக்குத் தொலைபேசியில் பேரன் இருந்தான்.

பெருமாள்மலைக்குச் செல்ல எண்ணுபவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு புறப்படுவது முறை. அங்கே ‘செஷின்’ என்னும் முழு மௌன நாள்களும் உண்டு. முதன்முதல் செல்பவர் அதற்கு முன் எளிய நாள்களில் சென்று பழகிக்கொள்ளலாம். தங்குபவர்கள் தோட்டத்திலோ சமையற்கட்டிலோ சிறிது வேலையும் செய்ய வேண்டும். அதையும் தியானமாகவே கருதுகின்றார்கள். மலைக் குளிர் வயதானவர்களைப் படுத்தும். கம்பளியை மறக்க வேண்டாம். நான் இன்னும் போகவில்லை; பங்குனிக்குப் பிறகு அழைத்துச் செல்வதாகப் பேரன் சொல்லியிருக்கின்றான்.

இந்தத் தையில் அவன் முதன்முறையாகக் காவடி எடுக்கின்றான். என் பழைய காவடியைப் பரண்மேலிருந்து இறக்கி, துடைத்துக் கொடுத்தேன். நோட்டையும் கொடுக்கலாமா என்று ஒரு கணம் எண்ணி, திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். குன்றக்குடிக்குப் புறப்படும் அன்று விடியற்காலையில், வாசலில் நின்று அவன் நெற்றியில் திருநீறு பூசினேன். என்ன வேண்டிக்கொண்டு நடக்கின்றான் என்று கேட்கவில்லை. அவன் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, வத்தி கொளுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தேன். இப்போதெல்லாம் முழு வத்தி.